ஃபேட்டி லிவர் என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார் அப்பா

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருடமாகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவைத் திறந்தால், காலை மாத்திரையெல்லாம் தீர்ந்திருக்கிறது, ராத்திரி போடுகிற கொழுப்பு மாத்திரை அட்டோர்வாஸ்டாடின் மட்டும் அட்டை அட்டையாக அப்படியே கிடக்கிறது. நாற்பது நாளாகத் தொடவே இல்லையாம்.

"எனக்குத்தான் ஃபேட்டி லிவர் இருக்கேடா. ஈரல் டெஸ்ட்ல எஸ்.ஜி.பி.டி. 74 வந்திருக்கு. இது ஈரலை அரிச்சிடும்னு பெரியப்பா சொன்னார்."

பெரியப்பாவின் பயம் காற்றில் வந்ததில்லை. கொலஸ்ட்ரால் உற்பத்தியில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. மாத்திரை வேலை செய்வதும் அங்கேதான். தொடங்கிய சில மாதங்களில் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறும், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். இயல்பான அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டி அங்கேயே நிற்பது நூற்றுக்கு ஒருவருக்கு, அதிக டோஸில் இரண்டு பேருக்கு என்ற கணக்கில்தான். அப்பாவின் 74 இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. அதுவும் ஈரலில் படிந்த கொழுப்பால் வந்தது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இலேயே, இந்த மாத்திரை போடுகிறவர்கள் அடிக்கடி ஈரல் டெஸ்ட் எடுக்க வேண்டாம், தொடங்கும் முன் ஒரு முறையும் பிறகு தேவைப்பட்டாலும் போதும் என்று மாற்றிவிட்டது. ஃபேட்டி லிவர்காரர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய். ஸ்டென்ட் வைத்த மனிதர் ஈரலுக்குப் பயந்து இதயத்தின் காவலை விலக்கினால் வயிறு எரியாதா?

ஆனால் ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் முற்றி, வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளானவர்களுக்கு இதே பேச்சைச் சொல்லக் கூடாது. அவர்களின் ஈரலால் மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் மருந்து தேங்கும். அடி விழுவது தசை மேல். அப்படிப்பட்டவர்களுக்கு இதே வகை மாத்திரையான சிம்வாஸ்டாடின் 40 மி.கி. கொடுத்த ஆய்வுகளில் சிலருக்குத் தசையே சிதைந்திருக்கிறது. ஈரல் நிபுணர்களின் 2022 பவேனோ வழிகாட்டுதல் அவர்களுக்கு 20 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறது. நிலை மிக மோசமானவர்களுக்கு இன்னும் யோசித்துத்தான் தர வேண்டும் என்கிறது. தொடையும் தோளும் காரணமில்லாமல் வலித்தாலோ, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு உண்மையான கோபம் வேறொன்றில். மாத்திரையை நிறுத்திய அப்பா, யாரோ கொடுத்த 'ஈரல் சுத்தி' பொடியை தினமும் வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கொழுப்பு மாத்திரைக்காவது நாற்பது வருட அனுபவம் இருக்கிறது, எந்த அளவில் என்ன செய்யும் என்று தெரியும். இந்தப் பொடியால் ஈரல் கெட்டால் யாரைக் கேட்பது? மருந்துச்சீட்டு எழுதும் டாக்டர்களும் "வேறென்ன சாப்பிடறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் நன்றாயிருக்கும். அப்பாவை இதுவரை யாரும் கேட்டதில்லை.

டெஸ்ட் எடுத்தோம். 68 இருந்த எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 131-க்கு ஏறியிருந்தது. டாக்டர் அதே மாத்திரையை அதே அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார்; ஆறு வாரம் கழித்து ரத்த டெஸ்ட். பொடி டப்பாவை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், அடுத்த முறை டாக்டரிடம் காட்ட.