'ங்க' போட்டால் போதுமா?

கோயம்புத்தூர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசுவார்கள், நம் கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் பேச்சு முரடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அக்காக்களைப் பாருங்கள். கலெக்டரே வந்தாலும் வா, போதான். தடைக்காலத்தில் ஒருநாள் வஞ்சிரத்தைக் கையில் எடுத்தேன். "அது ஐஸ் மீனுப்பா, போட்டே கடலுக்குப் போவல, புது வஞ்சிரத்துக்கு எங்க போவேன்? நெத்திலி காலைல கட்டுமரத்துல வந்தது, அத எடு" என்றார் ஒரு அக்கா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரத்தை என் தலையில் கட்டியிருந்தால் அவருக்குத்தான் லாபம்.

பேசும் இருவருக்குள் ஓர் ஒத்துழைப்பு இருக்கிறது. தேவையான அளவுக்கு, உண்மையாக, விஷயத்தை ஒட்டி, தெளிவாகச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் பேச்சே நடக்கிறது என்று 1967இல் ஹார்வர்டில் பேசினார் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர். அந்த அக்கா நாலையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

இன்னொரு பக்கம், ஓர் அலுவலகம். "வாங்கய்யா, உக்காருங்க. ஃபைல் மேல போயிருக்குங்க. அடுத்த வாரம் வந்து பாருங்களேன்." மேலே என்றால் யாரிடம்? எந்தப் பேப்பர் குறைகிறது? அடுத்த வாரம் என்றைக்கு? ஒன்றும் கிடையாது. 'ங்க'வுக்கு மட்டும் குறைவில்லை.

அதற்காக எல்லாரும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசவேண்டும் என்று சொல்லவில்லை. கைமாற்று கேட்க வருபவர் வந்ததும் பணத்தைப் பற்றியா பேசுவார்? மழை, பண்ருட்டிப் பலாப்பழம், பையனுடைய காலேஜ் எல்லாம் பேசி, ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று இழுப்பார். பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவர் இப்படிப்பட்ட சுற்றி வளைப்பை ஆராய்ந்தார்கள். கேட்கும் உதவி பெரிதாக ஆக, கேட்கப்படுபவர் கை ஓங்க ஓங்க, சுற்றும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். (அதுவும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ். சரி, போகட்டும்!)

அந்த இடத்தில் பொறுப்பு, கேட்கப்படும் நம் பக்கம் வந்துவிடுகிறது. "எவ்வளவுப்பா வேணும்?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் அவர் வாய்விட்டுக் கேட்கிற சங்கடம் தப்பும். பணம் இல்லையென்றால், "இந்த மாசம் எனக்கே முடை" என்று நாமும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். புரியாததுபோல் "அப்படியா, காலேஜ் நல்ல காலேஜா?" என்று கேட்டு வைப்பதுதான் அவமரியாதை. அதில் எத்தனை 'ங்க' போட்டாலும் சரி.

அந்த அலுவலகத்தில் கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர், "பொண்ணுக்கு ஸ்கூல்ல சர்டிபிகேட் கேட்டுக்கிட்டே இருக்காங்கய்யா" என்று தயங்கும்போது, என்றைக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.