முழு எண்ணையும் பெருக்கணும்
பின்னங்கள் வரும் சமன்பாட்டைத் தீர்க்கும்போது, "மீ.சி.ம-வால் (பின்னங்களின் கீழ் எண்களுக்கான மீச்சிறு பொது மடங்கால்) பின்னம் உள்ள உறுப்புகளை மட்டும் பெருக்கினால் போதும், முழு எண்ணைத் தொட வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தயவுசெய்து அதைப் பின்பற்ற வேண்டாம்.

அ/2 + 3 = அ/3 + 5 என்ற சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மீ.சி.ம 6. அவர் சொன்னபடி செய்தால் 3அ + 3 = 2அ + 5, அதாவது அ = 2. பிரதியிட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 4, வலப்பக்கம் ஐந்தரைக்கும் மேல். சமன்பாடே உடைந்துவிட்டது. இருபுறமும் முழுசாக 6-ஆல் பெருக்கினால்தான் சமம் நிலைக்கும்: 3அ + 18 = 2அ + 30, அ = 12. இரு பக்கமும் 9.

பின்னத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் தொகுதிக்கு (பின்னத்தின் மேல் பகுதிக்கு) அடைப்புக்குறி போட மறக்காதீர்கள். −(அ − 3) என்பது −அ + 3. பல பேருக்கு மார்க் போவது இங்கேதான்.