இடது கண்

(இரவு. மேஜை விளக்கின் கீழே தம்பி. நெற்றியில் பூதக்கண்ணாடிப் பட்டை, கையில் ஒரு காலி மருந்துக் குப்பி, அதன் மூடிமேல் ஒட்டவைத்த ஒரு பிளாஸ்டிக் சிப்பாய். மினியேச்சர் எனும் குட்டிப் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கும் வீட்டில் கதவை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியாது.)

அக்கா: டேய், எத்தனை தடவை கூப்பிடுவது?

தம்பி: ஷ்... பேசாதே அக்கா. கண் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா: யார்மேல்?

தம்பி: இவனுக்கு. வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்தான் மூன்று நாளாக இழுக்கிறது.

அக்கா: (குனிந்து) இவன் முகமே என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான். அதில் கண் எங்கே?

தம்பி: அதனால்தான் மூன்று நாள். 28 மில்லிமீட்டர் பொம்மை. அந்த 28ஐக்கூட நிறையப் பேர் பாதத்திலிருந்து கண் வரைக்கும்தான் அளப்பார்கள்.

அக்கா: ஏன், அதற்கு மேலே இருப்பது கணக்கில் வராதா?

தம்பி: ஒருவன் கொம்பு வைத்திருப்பான், ஒருவன் தொப்பி போட்டிருப்பான். கண் மட்டம்தான் எல்லாருக்கும் பொது.

அக்கா: உனக்கும் அப்படித்தான் அளக்க வேண்டும். கண்ணுக்கு மேலே கணக்கில் சேர்க்க ஒன்றும் இல்லை. அதிருக்கட்டும், இவன் வலது கண் ஏன் மூக்கைப் பார்க்கிறது?

தம்பி: எதிரியைப் பார்க்கிறது.

அக்கா: எதிரி மூக்கிலா உட்கார்ந்திருக்கிறான்?

தம்பி: உனக்குக் கிண்டல். முதலில் வெள்ளை வைக்க வேண்டும். அதன்மேல் நெட்டுக்குத்தாக ஒரு கருப்புக் கோடு. வெறும் புள்ளி வைத்தால் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான். அதனால் கோடாக இழுத்து, மேலேயும் கீழேயும் தோல் நிறத்தால் மூடிவிட வேண்டும்.

அக்கா: ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிடு. வேலை முடிந்தது.

தம்பி: ஹெல்மெட் தலையும் பெட்டியிலேயே வந்தது. ஆனால் இவன் கேப்டன். கேப்டன் என்றால் முகம் தெரிய வேண்டும்.

அக்கா: சரி, இது என்ன கிண்ணத்தில் அழுக்குத் தண்ணீர்? கொட்டிவிடட்டுமா?

தம்பி: ஐயோ, தொடாதே! அது வாஷ். எல்லா நிறமும் அடித்து முடித்த பிறகு இதை மேலே விட்டால், மடிப்பிலும் பள்ளத்திலும் போய்த் தங்கும். நிழல் விழுந்த மாதிரி இருக்கும்.

அக்கா: பளிச்சென்று அடித்துவிட்டு நீயே அழுக்காக்குகிறாய்.

தம்பி: அப்புறம் டிரை பிரஷ். பிரஷ்ஷில் பெயின்டைத் தொட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் டிஷ்யூவில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடான இடங்களில் லேசாகத் தேய்த்தால், ரோமம் ரோமமாக எழும்பி வரும்.

அக்கா: பெயின்ட் டிஷ்யூவுக்கு. துடைத்த மிச்சம் கேப்டனுக்கு.

(தம்பி யோசனையில் பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குகிறான். கூடாது என்று அவனுக்கும் தெரியும். கை கேட்பதில்லை.)

அக்கா: சீ! வாயிலா வைக்கிறாய்?

தம்பி: நுனி சேர வேண்டாமா? இது கோலின்ஸ்கி பிரஷ். சைபீரியாவில் கீரி மாதிரி ஒரு பிராணி இருக்கிறது. அதன் வால் ரோமம்.

அக்கா: அப்படியென்றால் நீ இப்போது நக்கியது...

தம்பி: வேண்டாம். முடிக்காதே.

அக்கா: இத்தனூண்டு கண்ணுக்கு இவ்வளவு பெரிய வாலா?

தம்பி: நம்பர் 1. நானும் முதலில் மூன்று சைபர் போட்ட பிரஷ்தான் வாங்கினேன். நாலே நாலு ரோமம். தட்டிலிருந்து முகத்துக்குப் போவதற்குள் பெயின்ட் காய்ந்துவிடும். இதற்கு வயிறு பெரிது, ஈரம் நிற்கும். நுனி மட்டும் ஊசி.

அக்கா: அலமாரியில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் நிற்கிறதே, அவர்கள் யார்?

தம்பி: காத்திருக்கிறார்கள். 40 பேர். பெட்டி பிரிக்காதவர்களைச் சேர்க்கவில்லை.

அக்கா: ஒரு கண்ணுக்கு மூன்று நாள். 80 கண். 240 நாள். கண் மட்டும். கை கால் தனி.

தம்பி: இது மரியாதையான பொழுதுபோக்கு அக்கா. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இலேயே பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு விதிமுறை எழுதிப் புத்தகமாகப் போட்டார். ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டுச் சாய்ப்பார்.

அக்கா: அவருக்கு விளையாடவாவது நேரம் கிடைத்திருக்கிறது.

தம்பி: எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. வார்ஹேமர் 40,000 என்கிற பொம்மைப் படை விளையாட்டு, 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. படை முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் 100க்கு 10 புள்ளி.

அக்கா: சண்டையே போடாமல் பத்தா? சரி, இவன் எவ்வளவு நேரம் சண்டை போடுவான்?

தம்பி: (மெதுவாக) புதிதாகப் பெயின்ட் அடித்தவன் முதல் சுற்றிலேயே செத்துவிடுவான். அது ஒரு சாபம். போன தடவை ஆறு வாரம் உழைத்த டாங்க். வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் திரும்பப் பெட்டிக்குள்.

அக்கா: பத்து நிமிடம் வாழப்போகிறவனுக்கா இந்தக் கண்? நகரு. வருஷக்கணக்காக நெயில் பாலிஷ் போடுகிறேன். வலது கைக்கு இடது கையால்.

தம்பி: அக்கா, இது நகம் இல்லை.

அக்கா: முழங்கையை ஊன்ற வேண்டும். இரண்டு மணிக்கட்டையும் ஒட்டவைக்க வேண்டும். மூச்சை விட்டு அப்படியே நிறுத்த வேண்டும். (ஒரு கோடு.) அவ்வளவுதான்.

தம்பி: (பூதக்கண்ணாடியை இறக்கி, குரல் தழுதழுக்க) அக்கா... பார்க்கிறான். நேராகப் பார்க்கிறான்!

அக்கா: இரு, கன்னத்தில் ஒரு பொட்டுக் கருப்பு பட்டுவிட்டது.

தம்பி: அக்ரிலிக்தான், ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் போய்விடும். இதோ தண்ணீர் எடுத்து வருகிறேன்.

அக்கா: தண்ணீர் எதற்கு? என் பையிலேயே இருக்கிறது. (பஞ்சு. ஒரே துடைப்பு.) போயே போய்விட்டது.

தம்பி: (வாசலில் நின்றபடி) அது என்ன வாசனை?

அக்கா: ரிமூவர்.

தம்பி: அசிட்டோனா? அசிட்டோன் பட்டால் இந்தப் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் இளகிவிடும் அக்கா!

அக்கா: கருப்பு போய்விட்டதே.

தம்பி: கன்னமே போய்விட்டது! மூக்கு எங்கே?

அக்கா: (பஞ்சைத் திருப்பிப் பார்த்து) இதில் இருக்கலாம்.

(மௌனம். இருவரும் கேப்டனைப் பார்க்கிறார்கள். கேப்டன் இடது கண்ணால் மட்டும் அவர்களைப் பார்க்கிறான்.)

அக்கா: இடது கண் அப்படியே நிற்கிறது பார்.

தம்பி: வலது கண்ணும் நிற்கிறது. பார்ப்பதற்குத்தான் மூக்கு இல்லை.

அக்கா: அந்த ஹெல்மெட் தலையை எடு.

(தம்பி ஒன்றும் பேசாமல் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து தலையை நறுக்கி எடுத்து விளக்கில் காட்டுகிறான்.)

தம்பி: இதிலும் கண் இருக்கிறது. லென்ஸ். அடர் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மூலையில் கண்ணாடி மின்னுகிற மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

அக்கா: இரண்டு கண்ணுக்குமா?

தம்பி: இரண்டு கண்ணுக்கும்.

அக்கா: (நாற்காலியை இழுத்துப்போட்டு) அந்தப் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கொடு.

தம்பி: முதலில் அந்தப் பையை வெளியே வைத்துவிட்டு வா.