10-க்கு 12 அடி, நானும் செம்பியும்

"இத்தனூண்டு சாளைக்குள்ள நாய் வளர்க்கறது பாவம் கண்ணு" என்று போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் சொந்தக்கார அக்கா ஒருத்தர் சொன்னார். பந்தியில் வைத்துப் பதில் பேச மனசு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். காங்கேயம் பக்கத்தில் அப்பாரு காலத்துச் சாளை இது. 10-க்கு 12 அடி, ஒரே அறை. கட்டில், அடுப்புத் திட்டு, சுவரில் நாலு பலகை, தண்ணிக் குண்டா. குளியலறை வெளியே.

இதற்கு முன்னால் திருப்பூரில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. காலை 8.30-க்குப் பூட்டிவிட்டுப் போனால் இரவு 8.30-க்குத்தான் கதவைத் திறப்பேன். செம்பி அப்போது ஆறு மாதக் குட்டி. அந்த 12 மணி நேரமும் வீடு முழுக்க அவளுக்குத்தான். ஆனால் அவள் கிடந்ததெல்லாம் கதவோரத்தில். கதவின் கீழ்ப்பக்கம் பெயிண்ட் உரிந்து மரம் தெரியச் சுரண்டி வைத்திருந்தாள். ஒருநாள் முன்னங்கால் நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கையில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய வீட்டின் வாடகைக்காக நான் வெளியே ஓட, அந்த வீட்டுக்குள் அவள் எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறாள்.

அப்புறம் வீட்டுக்காரரும் நாய் இருந்தால் காலி பண்ணுங்கள் என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன். பீரோ, சோபா எல்லாம் தங்கை வீட்டுக்குப் போயின. இப்போது வாரம் இரண்டு நாள்தான் கம்பெனி, மீதி நாள் இங்கிருந்தே கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் பாதியாகிவிட்டது. வாடகை போனதால் சமாளிக்க முடிகிறது. நான் போகும் இரண்டு நாளும் பக்கத்துத் தோட்டத்து அக்கா பார்த்துக்கொள்கிறார்.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே தகரம்; சித்திரை வெக்கையில் உள்ளே நிற்க முடியாது. தகரத்தின் மேல் தென்னந்தடுக்கு வேய்ந்த பிறகு பரவாயில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் மத்தியானம் நனைத்த சாக்கு ஒன்றை வேப்பமரத்தடியில் போடுவேன். அவள் அதைத் தள்ளிவிட்டு மண்ணைப் பறித்து, அந்தக் குழிக்குள் வயிற்றை ஒட்டிப் படுப்பாள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் சாளை முழுக்கப் புழுதி. அப்போது கட்டிலுக்கடியில் போய்விடுவாள். ராத்திரி நான் புரண்டு படுத்தால் போதும், அவள் வால் குண்டாவில் இரண்டு முறை 'டங், டங்' என்று அடிக்கும். நான் இருக்கிறேனா என்று கேட்கிறாள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இடத்தைவிட முக்கியமான பொறுப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் கிளுவை முள்வேலிக்குள் ஆடுகளை விட்டு வளர்க்கிறவர்கள் அதிகம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் கடித்து ஆடுகள் செத்து, விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். நாயை உயிராக நேசிக்கிற நான் அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆசைக்கு வாங்கி, சலித்ததும் பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டுப் போகிறார்களே, பொட்டைக் குட்டி என்றால் கண் திறக்கும் முன்பே வீசுகிறார்களே, அவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். செம்பியும் அப்படி வீசப்பட்டவள்தான். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம், கருத்தடையும் பண்ணியாச்சு. வேலியைத் தாண்டினால் கயிறு இல்லாமல் கூட்டிப்போவதில்லை.

சைபீரியப் பனிக்கென்று இரட்டை அடுக்கு முடியோடு பிறந்த ஹஸ்கியை வாங்கி வந்து, கரண்ட் போனால் அது இரைக்கிறது என்று பதறுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நம் தெருவிலேயே குட்டிகள் கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கி வாருங்கள். இடம் இருக்கிறதா என்று கேட்கும் முன்னால், பொழுதோட அதோடு உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா, நீங்க இதைப் படிச்சா ஒரு நாள் வாங்க. கட்டில்ல உட்காரலாம், செம்பி கீழே போயிக்குவா.