வாக்கேயாவின் தலைச்சன் பிள்ளை

2019 ஜூலையில் ஒரு வீடியோ பார்த்தேன். ஹவாய்த் தீவில் ஒரு மலைப்பாதை. குளிரில் போர்வை போர்த்திய தாத்தா பாட்டிகள் நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் ஒவ்வொருவராகக் கைது செய்கிறது. எழுந்து வராதவர்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜூலை 17 அன்று கைதான பெரியவர்கள் முப்பது பேருக்கும் மேல். மௌனா கேயா என்ற அந்த மலையின் உச்சியில் 30 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி (சுருக்கமாக டி.எம்.டி.) கட்டப் போகும் வண்டிகளை மேலே விடமாட்டோம் என்று மறித்தவர்கள் அவர்கள்.

அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. 2014-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தியைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் அந்த வீடியோவைப் பார்த்ததும் ‘ஒரு மலைக்காக இவ்வளவா?’ என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அந்த மலையின் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்வியே தப்பு என்று புரிந்தது.

ஹவாய் மக்களின் மரபில் வானத் தந்தை வாக்கேயா, பூமித் தாய் பாப்பா. அவர்களுக்குப் பிறந்தவைதான் தீவுகள். மௌனா கேயா வாக்கேயாவின் தலைச்சன் பிள்ளை. அவர்கள் தினமும் சாப்பிடும் சேப்பங்கிழங்கும் அதே வம்சம்தான். வாக்கேயாவுக்கு இறந்தே பிறந்த ஒரு குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது அந்தச் செடி என்பார்கள். அதற்குப் பிறகு பிறந்த தம்பியின் வழியில் வந்தவர்கள் மனிதர்கள். ஆக, மலையும் கிழங்கும் மனிதனுக்கு மூத்தவர்கள். மூத்தவர் காப்பாற்றுவார், இளையவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மலை அவர்களுக்குச் சொத்து இல்லை, சொந்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது போலியாஹுவின் கதை. அவள் மௌனா கேயாவின் பனித் தெய்வம். ஹமாகுவா பக்கச் சரிவில் தோழிகளோடு சறுக்குப் பலகையில் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது அழகான ஒரு பெண் வந்து சேர்ந்துகொள்கிறாள். யார் எவர் என்று கேட்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் காலடி மண் சுடுகிறது. வந்தவள் பெலே, எரிமலைத் தெய்வம்! தரையைப் பிளந்து நெருப்பைக் கிளப்புகிறாள். போலியாஹுவின் வெள்ளை மேலாடையின் ஓரம் கருகுகிறது. உச்சிக்கு ஓடிய அவள் அந்த ஆடையையே பனியாக வீசி நெருப்பை அணைக்கிறாள். உறைந்த எரிமலைக் குழம்பு கடலோரம் போய் லௌபாஹோயேஹோயே என்ற நிலமுனையாக நிற்கிறது. அன்றிலிருந்து பெலேயின் ஆட்சி அதே தீவின் மௌனா லோவா, கிலௌவேயா எரிமலைகள் பக்கம்தான்.

இனி நிலவியல் சொல்வதைக் கேளுங்கள். மௌனா கேயா கடைசியாக வெடித்தது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன். பனியுகத்தில் அதன் தலையில் பெரிய பனிப்பாளமே இருந்தது. அந்தப் பனிக்கு அடியில் பீறிட்ட குழம்பு சட்டென்று குளிர்ந்து, நெருக்கமான மணிகள் கொண்ட கெட்டிக் கல்லானது. பழைய ஹவாய் மக்கள் அவ்வளவு உயரத்துக்கு ஏறி, கோடரி செய்ய வெட்டி எடுத்தது அந்தக் கல்லைத்தான். நெருப்பும் பனியும் அங்கே மோதியதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்கள் தீவுக்கு வந்ததே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

உச்சிக்குக் கீழே, 3,900 மீட்டருக்கும் மேலே, வையாவு என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய் அங்கே சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. தொப்புள்கொடி உறவு என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, அவர்கள் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறுகிறார்கள். காடுகளுக்கு மேலே இருப்பது தெய்வங்களின் இடம், காரணம் இல்லாமல் போகக் கூடாது என்பது பழைய வழக்கம். அந்த உச்சியில் 13 தொலைநோக்கிகள் கட்டினார்கள். அவற்றில் இரண்டை 2024-ல்தான் முழுவதுமாகக் கழற்றி எடுத்தார்கள். டி.எம்.டி. வந்தால் 18 மாடி உயரம்.

இவர்கள் அறிவியலுக்கு எதிரிகள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நட்சத்திரம் பார்த்தே பசிபிக் கடலைக் கடந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். 2019 ஏப்ரலில் முதல் கருந்துளைப் படம் வந்ததே, அதில் மௌனா கேயாவின் இரண்டு தொலைநோக்கிகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கருந்துளைக்குப் ‘போவேஹி’ என்று பெயர் கொடுத்தவர் ஹவாய் மொழிப் பேராசிரியர் லாரி கிமுரா. இருளிலிருந்து உலகம் பிறந்ததைப் பாடும் குமுலிபோ என்ற படைப்புப் பாடலிலிருந்து எடுத்த சொல் அது. தொலைநோக்கி வரட்டும் என்று சொல்லும் ஹவாய்க்காரர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டி ஏறுவதை என்னால் ஏற்க முடியாது.

டி.எம்.டி.யின் கண்ணாடி 492 துண்டுகளால் ஆனது. அதில் ஒரு பகுதியை மெருகேற்றுவதற்கான கூடம் பெங்களூருக்குப் பக்கத்தில், ஹோசகோட்டேயில் இருக்கிறது. நம் வரிப்பணம். கேனரி தீவுகளில் லா பால்மா மாற்று இடமாக ஏற்கெனவே தேர்வாகியிருக்கிறது. மலைக்குச் சொந்தக்காரர்கள் மனதாரச் சம்மதிக்காமல் மௌனா கேயாவில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்று இந்தியா வாய்திறந்து சொல்ல வேண்டும். பங்காளிக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்கிறது.