தேனீ மட்டும்தானா?

"மழைக்காட்டு மரங்கள் எல்லாமே தேனீயை நம்பித்தான் இருக்கின்றன, தேனீ போனால் ஒரு மரமும் காய்க்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தேனீ மேல் உள்ள அக்கறை சரி, தகவல்தான் சரியில்லை.

மலேசியாவின் பாசோ காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மெரந்தி என்ற உயரமான காட்டு மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். அவற்றில் பல வகைகளுக்கு மகரந்தம் சுமப்பது இலைப்பேன். ஆமாம், நம்மூர் மிளகாய்ச் செடியில் இலையைச் சுருள வைத்துத் திட்டு வாங்குகிற அதே வகைப் பூச்சிதான். நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மாலையில் பூ விரியும். மறுநாள் காலை இதழ்கள் உதிரும்போது உள்ளே இருந்த இலைப்பேனும் தரைக்கு வந்துவிடும். சாயங்காலம் புதுப் பூவின் வாசனைக்கு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு மறுபடி மேலே போகும். திடீரென்று இத்தனை பூ விரிந்தால் யார் ஈடுகொடுப்பது? சில நாட்களிலேயே பல்கிப் பெருகும் பூச்சியால்தான் முடியும்.

இதையும் எல்லாக் காட்டுக்கும் பொதுவாக்க வேண்டாம். அதே மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள லம்பிர் காட்டில் மெரந்தி வகைகளை ஆராய்ந்தபோது, முக்கிய வேலையைச் செய்வது சிறு வண்டுகள் என்று தெரிந்தது. அத்திக்குக் குட்டிக் குளவி. அமேசானில் பிறந்த கொக்கோவுக்குக் கொசு போன்ற சின்ன ஈ. அந்தப் பூவில் தேனீக்குப் பெரிதாக வேலை இல்லை.

அப்புறம், தேனீக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மெரந்தியின் உறவான சில பெரிய பூ மரங்களுக்கு மலைத்தேனீ வரத்தான் செய்கிறது.