கியூபாவைப் பற்றிக் கதைக்கிற கொழும்பு ஆக்களுக்கு

கியூபாவில திரும்பவும் கறண்ட் இல்லை எண்டு நியூஸ் வந்தாக் காணும், என்ர டைம்லைன்ல ரெண்டு கோஷ்டி கிளம்பீடும். ஒண்டு அமெரிக்காதான் தடை போட்டு நாசமாக்கினது எண்டும், மற்றது சோசலிசமெண்டா இப்பிடித்தான், 2022ல இலங்கையில எங்களுக்கும் இதுதானே நடந்தது எண்டும். இல்லையப்பா, 2022ல எங்களுக்கு ஆரும் தடை போடேல்ல. டொலர் முடிஞ்சு கடன் கட்டேலாம நாங்களாப் போய் விழுந்தது. வெள்ளவத்தையில நானும் பெற்றோல் லைனில நிண்டனான்தான், ஆனா டொலர் வந்தோடன கப்பலும் வந்திச்சுது.

அங்க டொலர் இருந்தாலும் கப்பல் வாறது சும்மா விசயமில்லை. 1962ல அமெரிக்க சனாதிபதி கென்னடி போட்ட வர்த்தகத் தடை இன்னும் கிடக்கு. சாப்பாட்டுக்குத் தடையில்லைத்தானே எண்டு கேப்பினம். ஓம், 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காக் கோழி வாங்கலாம், ஆனா முதல்ல காசை வைக்கோணும், கடன் கிடையாது. அதோட 1992ல ஒரு சட்டம், கியூபாவுக்குச் சாமான் கொண்டுபோன கப்பல் 180 நாளைக்கு அமெரிக்காவில சரக்கு ஏத்தி இறக்கேலாது எண்டு; 2016லதான் சாதாரண சாமானுக்கு அதைத் தளர்த்தினவை. அதுவரைக்கும் எந்தக் கப்பல்காரன் அந்தத் தலையிடியை வாங்கியிருப்பான்? வந்தவனும் கூடக் கூலி கேட்டிருப்பான், அது அரிசி விலையிலதான் வந்து ஏறியிருக்கும்.

இதெல்லாம் எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில இருந்த ஆரையும் கேளுங்கோ. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் எல்லாத்துக்கும் தடை, போட்டது சொந்த அரசாங்கம். ஜாம் போத்தலுக்க பஞ்சை வைச்சு கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்திலதான் நாங்கள் படிச்சது. மோட்டச்சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடுவினம், புகையெண்டா அப்பிடியொரு புகை. இப்ப அதை எங்கட கெட்டித்தனமெண்டு பெருமையா ஷெயார் பண்ணினம், எனக்கு எரிச்சல்தான் வருது, மருந்தில்லாமல் செத்த சனத்துக்கு என்ன கெட்டித்தனம்? ஆனா இயக்கத்தின்ர, அதுதான் புலிகளின்ர, வாகனம் பெற்றோல் இல்லாமல் நிண்டதா நான் காணேல்ல. சாமான் கடத்தி வித்தவைக்கும் குறையில்லை, சீமெந்தில்லாத ஊரில அவையின்ர வீடு மட்டும் எழும்பிச்சுது.

ஹவானாவிலயும் அதே கதைதான். தடை ஆட்சியில இருக்கிறவைக்கு வலிக்கேல்ல, நல்ல ஒரு சாட்டுத்தான் குடுத்திருக்கு. பழைய மின் நிலையங்களைத் திருத்தாம ஹோட்டல் கட்டக் காசைக் கொட்டிச்சினம், 2024 ஒக்ரோபர்ல மாத்தான்சாஸ் எண்ட ஊரில ஒரு மின் நிலையம் நிண்டதோட முழு நாடும் இருட்டு. 2021ல ரெண்டு விதமான காசை ஒண்டாக்கிறம் எண்டு வெளிக்கிட்டு விலைவாசி எகிறினதும் அவையின்ர கைவேலைதான். கேட்டா எல்லாத்துக்கும் அமெரிக்கா எண்ட ஒரே பதில். அந்தப் பதிலை அவைக்குக் குடுத்ததே வாஷிங்டன்தானே.

2024ல ஐநாவில இந்தத் தடையை எடுக்கச் சொல்லி 187 நாடு வோட் பண்ணிச்சுது, இலங்கையும் அதுக்க ஒண்டு. நல்லது, பண்ணட்டும். ஆனா யாழ்ப்பாணத்துக்கு இதே கொழும்பு போட்ட தடையைப் பற்றிக் கதைச்சா மட்டும் "அது வேற" எண்டுவினம்.